பொம்மை பழம்பொருள், சட்டை பழந்துணி

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கூத்தாநல்லூரில் என் நன்னி வாழ்ந்த ஓட்டு வீட்டை இடித்தார்கள். இடிப்பதற்கு முதல் நாள் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வேனோடு வந்தார். நிலைக்கதவு, தேக்குத் தூண், ஆளுயரக் கண்ணாடி, எனாமல் அடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து விலை சொன்னார். கண்ணாடி அலமாரியில் இருந்த பொம்மையை மட்டும் தட்டவில்லை. இரண்டு கையாலும் எடுத்துச் சாய்த்தார். அது கண்ணை மூடியது. நிமிர்த்தினார். திறந்தது. “இது போகும்மா” என்றார். 1960களில் என் தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொம்மை அது.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பொம்மையின் துணிமணிகள் அதில் இருந்தன. எல்லாம் நன்னி கையால் தைத்தவை. வியாபாரி மூடியைத் திறந்து ஒரு விரலால் கிளறிவிட்டு மூடினார். “துணியெல்லாம் வேணாம்மா, பூச்சி இருக்கும். பொம்மைய மட்டும் குடுங்க.” பொம்மை உடுத்தியிருந்ததையும் கழற்றி டின்னுக்குள் போட்டார். துணி குப்பைக்குப் போனது. டின்னில் கொத்தனார் ஆணி போட்டு வைத்துக்கொண்டார். நான் அன்று கல்லூரியில் தேர்வுப் பணியில் இருந்தேன். மாலையில் வந்து சேர்ந்தபோது அம்மா இதையெல்லாம் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. காலையில் என்ன சமைத்தோம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த வியாபாரி மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழிலில் எது விலைபோகும் என்று அவருக்குத் தெரியும். அந்த விலைப்பட்டியலை எழுதியவர்கள் மீதுதான் கோபம். நம் நாட்டில் பொம்மை பழசானால் பழம்பொருள் ஆகிறது. அதற்கு ஒரு பெண் தைத்த சட்டை பழசானால் பழந்துணி ஆகிறது. இந்தக் கணக்கு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

அந்த டின்னில் என்ன இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். ஊர் ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பிறகு அரபு நாடுகளுக்குப் போனார்கள். போனவர்களைச் சபுராளி என்று மரியாதையாகச் சொல்ல எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. வீட்டில் இருந்த பெண்களைச் சொல்ல அப்படிச் சொல் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பெட்டியோடு வந்து இறங்குவார்கள். பெட்டிக்குள் சென்ட், சோப்பு, ஜார்ஜெட் துணி, பிஸ்கட் டின். ஒரு முறை என் அம்மாவுக்காக அந்தப் பொம்மை.

பொம்மை முழங்கால் தெரியும் கவுனோடு வந்தது. அன்று இரவே நன்னி கணுக்கால் வரை ஒரு பாவாடை தைத்து மாட்டினாளாம். பிறகு தாவணி. பிறகு ஒரு சாண் அளவுக்கு வெள்ளைத் துப்பட்டி. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆறு வயது மகளுக்கு ஒரு பொம்மையின் முழங்காலைக் காட்டி அடக்கம் சொல்லித்தந்த ஊசி அது. அந்த ஊசியை நான் இங்கே கொண்டாட வரவில்லை.

ஆனால் அதே ஊசி வேறு சிலவற்றையும் தைத்திருந்தது. கையில்லாத சாட்டின் கவுன் ஒன்று இருந்தது. அம்மாவும் சின்னம்மாவும் கனவில்கூடப் போட முடியாத உடை. அப்புறம் ஒரு கெபாயா. மலாய்ப் பெண்கள் இடுப்பில் சாரோங்கைக் கட்டி, மேலே உடலை ஒட்டிய முன்திறப்புச் சட்டையாகக் கெபாயாவை அணிவார்கள். அதை மூட மூன்று ஊக்குகள் குத்துவார்கள். நன்னி கப்பல் ஏறியதில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு காலண்டர் படத்தைப் பார்த்துத் தைத்திருக்கிறாள். தாத்தா உடுத்திக் கிழிந்த பாத்திக் கைலியின் மூலையை வெட்டிச் சாரோங். பழைய உள்பாவாடை லேஸில் கெபாயாவின் ஓரம். ஊக்குக்குப் பதில் மூன்று பாசிமணி. படத்தில் மூன்று இருந்ததைக் கவனித்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டால், “அங்க இருக்கிறவ இப்படித்தான் உடுத்துவாளாம்” என்று மட்டும் சொல்வாளாம். அங்கே இருப்பவள் யார் என்று கேட்டவர்களுக்கும் தெரியும். அக்கரையில் இன்னொரு குடும்பம் என்பது எங்கள் பக்கத்தில் புதிய கதை இல்லை. எந்த மதத்துக்கும் எந்தச் சாதிக்கும் அது தனிச்சொத்தும் இல்லை.

நன்னிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுதத் தெரியாது. தாத்தாவுக்குப் போன கடிதங்கள் எல்லாம் வேறொருவர் கையால் எழுதியவை. நலம், நலமறிய ஆவல், பணம் வந்தது, மழை இல்லை. அடுத்தவர் கையால் எழுதும் கடிதத்தில் ஒரு மனைவி எதைக் கேட்டுவிட முடியும்? அந்தப் பெண்ணைப் பற்றி நன்னி தன் கையால் செய்த ஒரே பதிவு கெபாயாதான். பொறாமையில் தைத்தாளா, பார்க்கும் ஆசையில் தைத்தாளா, அவளும் ஒரு பெண்தானே என்று தைத்தாளா, எனக்குத் தெரியாது. உடை கையில் இருந்தால் தையலையாவது பார்த்திருப்பேன். அவசரத் தையலா, நிதானத் தையலா என்று அது சொல்லியிருக்கும். பிறர் எழுதிய ஏடுகளைப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். என் வீட்டு ஏட்டைக் குப்பை வண்டி கொண்டுபோயிற்று.

*

இது ஒரு வீட்டின் கவனக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. மரப்பாச்சியைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பழைய பொம்மை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மரப்பாச்சிதான். ஆணும் பெண்ணுமாகச் சோடி. நல்ல மரப்பாச்சி செஞ்சந்தன மரத்தில் கடைந்தது. திருப்பதிக்குப் போனவர்கள் வாங்கி வருவார்கள். குழந்தை கடித்தாலும் கெடுதல் இல்லை என்று கையில் கொடுப்பார்கள். கொலு வைக்கும் வீடுகளில் மகளுக்குக் கல்யாணச் சீரோடு ஒரு சோடி போகும். மைசூர்ப் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்தச் சோடிக்குப் புது உடுப்பு. அதைத் தைப்பது வீட்டுப் பெண்கள்.

செஞ்சந்தனம் பெரும்பாலும் ஆந்திராவின் தென்பகுதி மலைகளில் வளர்வது. 1995 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய மரப்பாச்சிக்கு விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். கடைகளிலும் விற்பனைப் பட்டியல்களிலும் நான் பார்த்த பழைய மரப்பாச்சிகள் அநேகமாக வெற்றுடம்போடுதான் நிற்கின்றன. எண்ணெய் பூசி மரத்தின் நிறத்தை எடுத்துக்காட்டியிருப்பார்கள். உயரம் எத்தனை அங்குலம், எத்தனை ஆண்டுப் பழமை, எந்த மரம் என்ற விவரம் எல்லாம் இருக்கும். நூறு நவராத்திரிக்கு உடுத்தி நின்ற பொம்மைக்கு நூறு சோடி உடுப்பாவது தைத்திருப்பார்கள். அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. வாங்குகிறவரும் கேட்பதில்லை.

பெண்ணியம் பேசும் நாமும் கேட்டதில்லை. அ. மங்கை உள்ளிட்டவர்கள் சென்னையில் நடத்தும் நாடகக் குழுவுக்குப் பெயர் மரப்பாச்சி. உமா மகேஸ்வரியின் புகழ்பெற்ற கதைக்கும் தொகுப்புக்கும் பெயர் மரப்பாச்சி. நானும் மரப்பாச்சி பற்றிக் கவிதை எழுதியிருக்கிறேன். ஆட்டுவிக்கப்படும் பெண், பேசாத பெண், அலமாரியில் நிறுத்திய பெண் என்று அந்த மரத்தில் நம்மைப் பார்த்தோம். அதற்கு உடுத்திவிட்ட கையைப் பார்க்கவில்லை. உடுத்திவிட்டவளும் பெண்தான்.

*

இதில் என்ன பெரிய வேலை, கிழிந்த துணியைச் சுற்றுவதுதானே என்று கேட்பவர்கள் ஒரு முறை தைத்துப் பார்க்கட்டும்.

மன்னார்குடியில் என்னோடு பணிபுரிந்த தோழி ஒருத்தியின் வீட்டில் எட்டு அங்குல மரப்பாச்சிச் சோடி இருக்கிறது. அவள் மாமியார் எனக்குக் காட்டித்தந்தார். ஐந்தடிப் பெண்ணில் ஏழரையில் ஒரு பங்கு அந்தப் பொம்மை. ஐந்தரை மீட்டர் புடவையை ஏழரையால் வகுத்தால் 73 சென்டிமீட்டர். கணக்குப்படி அதைச் சுற்றினால் பொம்மை பானைபோல் ஊதிவிடும். ஏனென்றால் நீளம் குறைந்தாலும் துணியின் கனம் குறையாது. ஆகவே உள்சுற்றை வெட்டிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கொசுவத்துக்கும் முந்தானைக்கும் மட்டும் துணி விட வேண்டும். புதுத் துணி ஆகாது. அந்த அளவில் மடிப்பு விழாமல் விறைத்து நிற்கும். பல முறை துவைத்து நைந்த வேட்டிதான் நல்லது. அது உடம்போடு ஒட்டி விழும். பட்டு வேண்டுமென்றால் பழைய ரவிக்கையின் கை. கரை வேண்டுமென்றால் குறுங்கரை. பெரிய கரை பொம்மையை விழுங்கிவிடும்.

மரப்பாச்சியின் கை உடம்போடு ஒட்டிச் செதுக்கியது. ரவிக்கையின் கைக்குள் அதை நுழைக்க முடியாது. ஆகவே ரவிக்கையைப் பின்பக்கம் திறப்பாக வைத்து நாடா கட்ட வேண்டும். கைப்பகுதியைத் தனியாக வெட்டி மேலே ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு மைதாப் பசை போட்டால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும். அதனால் அந்த அம்மா பசை தொடாமல் ஓட்டுத் தையலிலேயே முடிப்பார். “பசை போட்டா அடுத்த வருஷம் பிரிச்சுக் கட்ட முடியாதும்மா. தையல்னா பிரிக்கலாம்” என்றார். விகிதம், துணியின் குணம், பூச்சியின் குணம், அடுத்த ஆண்டு பிரிக்கப்போகிறவளின் வசதி எல்லாம் அந்த வாக்கியத்தில் இருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப்பட்டவர் அவர். போன ஆண்டு உடுப்புகள் எங்கே என்று கேட்டேன். “அதையெல்லாம் யாரு வச்சுக்கிறா? கைப்பிடித் துணியாக்கிடுவேன்” என்றார்.

அந்த அம்மாவின் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ராஜகோபாலசுவாமி கோயில். பங்குனியில் 18 நாள் திருவிழா. வெண்ணெய்த்தாழி அன்று ஊர் கொள்ளாத கூட்டம். ஒரு காதில் குண்டலமும் மறு காதில் தோடுமாக நிற்கும் உற்சவரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோலத்தில் அலங்கரிப்பார்கள். அதற்குச் சாத்துப்படி என்று பெயர். நன்றாகச் சாத்தும் பட்டரின் கைத்திறனைப் பக்கத்து ஊர்க்காரர்களும் சொல்லி மகிழ்வார்கள். மகிழட்டும், அது திறமைதான். ஆனால் சின்ன உருவத்துக்குப் பெரிய துணியைக் கொசுவி நிறுத்தும் அதே திறமையை ஆண் கோயிலில் செய்தால் கைங்கரியம், கலை என்கிறோம். பெண் கூடத்தில் செய்தால் பொழுதுபோக்கு என்கிறோம். இதைப் பக்தியின் வேறுபாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கொலுப்படியில் நிற்பதையும் சாமி என்றுதானே சொல்கிறீர்கள்?

*

தமிழ் படித்தவள் என்பதால் என் துறையின் கணக்கையும் பார்த்தாக வேண்டும். சங்கப் பாடல்களில் பொம்மை செய்கிறவர்கள் பெண்கள். மணலில் வண்டற்பாவை, கோரையில் பைஞ்சாய்ப் பாவை. அப்புறம் செய்தவள் மறைந்து பாவை மட்டும் நிற்கிறது. திருக்குறளில் பாவை மூன்று குறள்களில் உவமையாக வருகிறது. நுண்ணறிவு இல்லாதவனின் அழகு புனைந்த மண்பாவைபோல (407). நாணம் இல்லாதவர் நடமாட்டம் கயிற்றால் ஆடும் மரப்பாவைபோல (1020). இரப்பவர் இல்லாத உலகம் மரப்பாவை போய்வருவதுபோல (1058). மூன்றிலும் பாவை ஏதோ ஒன்று இல்லாததற்கு அடையாளம். 407ஆம் குறளில் பாவையைப் புனைந்ததாக வள்ளுவரே சொல்கிறார். யார் புனைந்தார் என்று எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை.

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் இருக்கிறது. சிறுமிகள் மணலில் கட்டிய சிறுவீட்டை ஆண் குழந்தை காலால் அழிக்க வருவான். சிறியோம், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அந்தக் கெஞ்சலை நாம் இனிமை என்று விளக்கிப் பத்து மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். சிறுமி கட்டியதை அழிப்பது குழந்தைக் குறும்பு என்று இலக்கியமே பழக்கிவைத்த ஊரில், பொம்மைத் துணி குப்பைக்குப் போனதற்கு யார் வருந்துவார்கள்?

*

துணி மக்கும், மரம் நிற்கும், ஆகவே மரம் சேகரிக்கப்படுகிறது என்று ஒரு பதில் வரும். இது இயற்கையின் குற்றம் என்பதுபோல் தோன்றும். இரண்டு சான்றுகள் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் விக்டோரியா அரசியாவதற்கு முன், சிறுமியாக இருந்தபோது 132 மரப்பொம்மைகள் வைத்திருந்தார். விலை மலிந்த சாதாரண பொம்மைகள். மதிப்பெல்லாம் உடையில்தான் இருந்தது. 32 பொம்மைகளுக்கு அவரே உடுத்தினார். மற்றவற்றுக்கு உடுத்தியதில் அவருடைய தாதி லேஸனுக்குப் பெரும் பங்கு. ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்தார்கள். பொம்மையின் பெயர், அது எந்தப் பாத்திரம், யார் உடுத்தியது என்று எல்லாம் அதில் உண்டு. 1892இல் ஒரு பெண் எழுத்தாளர் அவற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். 1894இல் புத்தகமாகவே வந்தது. அறுபது ஆண்டு ஆகியும் துணி மக்கவில்லை. யார் உடுத்தியது என்று எழுத ஒரு பத்தி ஒதுக்கியிருந்ததால் பெயரும் மக்கவில்லை. உடுத்தியவள் அரசி ஆனதால் அது நடந்தது என்பதையும் நான் அறிவேன்.

இரண்டாவது சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் கடவுள் படங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்தபோது, பல படங்களுக்குப் பட்டுத் துணியும் ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்து உடுத்தினார்கள். லட்சுமியின் புடவை மட்டும் உண்மையான துணியாகப் படத்திலிருந்து எழும்பி நிற்கும். இந்த வேலையில் வீட்டுப் பெண்களின் கை நிறைய உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலிருந்து இன்று அவை நல்ல விலைக்குப் போகின்றன. அந்தத் துணி மட்டும் ஏன் பிழைத்தது? படத்தோடு சேர்த்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள். கழற்ற முடியவில்லை, ஆகவே பிழைத்தது. பெயர் மட்டும் பிழைக்கவில்லை. கீழே ரவிவர்மா என்று இருக்கும். உடுத்தியவள் பெயர் இருக்காது.

டெல்லியில் 1965இல் தொடங்கிய சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கான பொம்மைகளின் நாட்டையும் மாநிலத்தையும் உடையை வைத்துத்தான் கண்டுகொள்கிறோம். உடையைக் கழற்றிவிட்டால் பாதிப் பொம்மைகளுக்கு ஊர் தெரியாது. செய்தி துணியில் இருக்கிறது என்று அருங்காட்சியகங்களுக்குத் தெரியும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். வீட்டுப் பெண் தைத்த பொம்மை உடுப்புக்குப் பதிவேட்டில் ஒரு வரி கேட்டால்தான் சிரிக்கிறார்கள்.

துணிக்கு நம் தெருவில் மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. “பழைய பட்டு, பழைய ஜரிகை வாங்குறது” என்று கூவிக்கொண்டு வருகிறார்களே! அவர்கள் வாங்குவது எரிப்பதற்கு. பட்டை எரித்தால் ஜரிகையிலிருந்து வெள்ளி கிடைக்கும். நெய்தவரின் வேலையும் தைத்தவளின் வேலையும் சாம்பலானால்தான் காசு.

*

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். பொம்மையே பெண்ணைப் பெண்ணாக்கும் பயிற்சிதானே, அதற்கு உடுத்துவது அடிமைத்தனத்தின் முதல் வகுப்புதானே? 1949இல் சிமோன் த பொவ்வாரும் சிறுமி கையில் கொடுக்கப்படும் பொம்மையைப் பற்றி எழுதினார். பொம்மையை அலங்கரித்தபடியே தன்னையும் அலங்கரித்துவைத்த ஒரு பொருளாக அவள் பார்க்கப் பழகுகிறாள் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. நன்னி தைத்த துப்பட்டி அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வாதம் சிறுமியை உடுத்திய பொம்மையாக மட்டும் பார்க்கிறது. உடுத்துகிறவளாக, அளக்கிறவளாக, வெட்டுகிறவளாகப் பார்க்க மறுக்கிறது. சாட்டின் கவுனும் கெபாயாவும் அந்த வாதத்துக்குள் அடங்கவில்லை. வீட்டில் அனுமதி இல்லாத ஒன்றை ஒரு சாண் அளவில் செய்து பார்க்க நன்னிக்கு வேறு இடம் எது இருந்தது? ஒரு வேலை பெண்ணுக்கு விதிக்கப்பட்டது என்பதற்காக அதில் அவள் செலுத்திய அறிவையும் சேர்த்துத் தூக்கி எறிவது, விதித்தவர்களுக்குச் செய்யும் உதவி.

என் சமூகத்து ஆண்கள் சிலர், உருவம் கூடாது, பொம்மையே கூடாது, இதில் என்ன உடை என்பார்கள். அவர்களுக்கு ஹதீஸிலிருந்தே பதில் இருக்கிறது. ஆயிஷா நாயகி (ரலி) தோழிகளோடு பொம்மை வைத்து விளையாடியதைப் புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளும் பதிவுசெய்திருக்கின்றன. அபூதாவூதில் இன்னும் ஒரு விவரம் உண்டு. அந்தப் பொம்மைகளுக்கு நடுவே துணித்துண்டால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. அது என்ன என்று நபிகள் (ஸல்) கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்தார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று பதில் வந்தது. நபிகள் சிரித்தார்கள். பதினான்கு நூற்றாண்டுக்கு முன் ஒரு பெண்ணின் விளையாட்டுப் பொருளில் ஒட்டியிருந்த துணித்துண்டு இன்றுவரை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இது என்ன என்று ஒருவர் கேட்டதும், அவள் சொன்ன பதிலைக் கேட்டவர்கள் மதித்து வைத்திருந்ததும்தான் காரணம். கூத்தாநல்லூரில் அந்த டின்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும் நன்னி இருந்தபோது கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டதெல்லாம் நன்னி போன பிறகு.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை உண்மையில் நிறுத்தியது. வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, “எங்க வீட்ல பொம்மையே இல்ல மேடம், சட்டைக்கு எங்க போறது?” என்றாள். வயல்வேலைக் குடும்பம். செஞ்சந்தனப் பொம்மை மிராசுதார் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதற்குப் பட்டுக் கரை தைத்த சிறுமியின் பக்கத்தில் சிந்திய நூலைப் பெருக்கிய சிறுமி இந்த மாணவியின் பாட்டியாக இருந்திருக்கலாம். நான் பேசிக்கொண்டிருந்தது வீட்டில் அலமாரி இருந்தவர்களின் வரலாறு. அடுத்த வாரம் அவளே வந்து சொன்னாள். பாட்டியிடம் கேட்டாளாம். அறுப்பு முடிந்த பிறகு வைக்கோலை முறுக்கிப் பிள்ளை செய்வார்களாம். தையற்காரர் வாசலில் கிடக்கும் வெட்டுத்துணியைப் பொறுக்கி வந்து கட்டுவார்களாம். கோடை முடிவதற்குள் மாடு தின்றுவிடும். மரப்பாச்சியில் பொம்மையாவது மிஞ்சியது. அங்கே இரண்டுமே மிஞ்சவில்லை. அங்கே சேகரிக்க வேண்டியது பாட்டியின் பேச்சை. அதுவும் இன்னும் பத்தாண்டுக்குத்தான் கிடைக்கும்.

அந்த மாணவியின் அக்கா பஞ்சாலைக்குப் போனவள். மூன்று ஆண்டு வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லிச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் எத்தனை பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள்! பெண்ணின் விரல் நுணுக்கம் வீட்டில் இருக்கும்வரை விளையாட்டு. ஆலைக்குப் போனதும் அதே விரல் மலிவான கூலி. 1959இல் வந்த பார்பி பொம்மையின் முதல் உடைகளை ஜப்பானில் பெண்கள் வீட்டிலிருந்தபடி கையால் தைத்துக் கொடுத்தார்கள். பொம்மையின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவர்களில் ஒருத்தியின் பெயரையாவது நாம் கேள்விப்பட்டதுண்டா? பொம்மைச் சட்டையைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயம் என்பவர்கள் இந்தத் தொடர்பையும் பார்க்கட்டும். விளையாட்டு என்று பெயர் வைத்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. பெயரும் கேட்க முடியாது.

*

ஆகவே கேட்போம். வியாபாரியிடமும் சேகரிப்பவரிடமும் அருங்காட்சியகத்திடமும் நான் கேட்பது ஒன்றுதான்: பொம்மையை வாங்கும்போது அதன் துணியையும் வாங்குங்கள். தைத்தவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெயர் கிடைக்காவிட்டால், “உடை: வீட்டுப் பெண் தைத்தது, பெயர் கேட்கப்படவில்லை” என்று எழுதுங்கள். கேட்கவில்லை என்பதாவது பதிவாகட்டும்.

மாணவிகளுக்கு: இந்த வாரம் ஊருக்குப் போகும்போது பரணையும் தையல் மெஷின் இழுப்பறையையும் பாருங்கள். கிடைப்பதைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பழைய நூல் தாங்காது. பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். குண்டூசி இருந்தால் எடுத்துவிடுங்கள், துரு நூலைத் தின்னும். இரசகற்பூர உருண்டையைத் துணிமேல் வைக்காதீர்கள். அதோடு ஓர் அட்டை வையுங்கள். யார் தைத்தது, எந்த ஆண்டு வாக்கில், எதை வெட்டித் தைத்தது, யாருக்காக. தைத்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெருமையாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றுதான் தொடங்குவார்கள். எழுந்துவிடாதீர்கள்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. வீடு இடித்து ஆறு மாதம் கழித்து, சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்த நன்னியின் தையல் மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் ஒரு பாவாடை. நான்கு விரல் நீளம். பச்சை வாயில் துணி. இடுப்பில் சுருக்கு. ஓரத்தில் பாதிவரை மடித்துத் தைத்து, பாதியில் ஊசி நின்றிருக்கிறது. நான் சொன்னபடியே பருத்தியில் சுற்றி, அட்டை எழுதி வைத்திருக்கிறேன். அட்டையில் நன்னியின் பெயர் இருக்கிறது.

இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயரைப் போட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா, “மாமாவக் கேட்டுக்க” என்றாள். மாமாவுக்கு எழுபது வயது. முழுதும் கேட்டுவிட்டு, “கெபாயா கதைய எழுதுறியா எழுது. பேரப் போடாத. பொம்பள பேரு புத்தகத்துல எதுக்கு?” என்றார். அம்மா உயிரோடு இருக்கும்வரை அவர் சொல்லை மீறி அவளை அந்தக் குடும்பத்தில் தனியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பெயர் கேளுங்கள், எழுதுங்கள் என்று இத்தனை பக்கம் வாதாடியவளால் தன் நன்னியின் பெயரை அச்சில் போட முடியவில்லை. அட்டை அலமாரியில் இருக்கிறது. பெயர் அதில் இருக்கிறது.